பயாப்ஸி பாட்டிலில் டிஎன்ஏ பிழைக்க: ஃபிக்சேஷன் பற்றி ஒரு முழு வழிகாட்டி

கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் நுரையீரல் பயாப்ஸி எடுக்கிறார்கள். புதுச்சேரி லேபில் பார்த்துப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்கிறார் மருத்துவர். இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை வெளியூர் லேபுக்கு அனுப்பிவிட்டுக் குடும்பம் காத்திருக்கிறது. கடைசியில் வரும் தாளில் ஒரே வரி: டிஎன்ஏ தரம் போதவில்லை, பரிசோதனை செய்ய இயலவில்லை. மறுபடி பயாப்ஸி என்றால், மூச்சு வாங்குகிற மனிதரை மறுபடி ஊசிக்குப் படுக்க வைக்க வேண்டும்.

அந்த வரியின் காரணத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் திசு உடலை விட்டு வெளியே வந்த முதல் ஒன்றிரண்டு நாளில்தான் போய் நிற்கும். எந்தத் திரவத்தில் போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள், எவ்வளவு நேரம் ஊறியது. திசுவை அழுகாமல் நிலைநிறுத்தும் இந்த வேலைதான் ஃபிக்சேஷன். பல லட்சம் ரூபாய் மெஷின் இருந்தாலும் அங்கே கெட்டதை அது சரிசெய்யாது. இது ஆபரேஷன் தியேட்டர் (ஓடி) சிஸ்டருக்கும், சின்ன ஊர் சர்ஜனுக்கும், திசுவை வெட்டிப் பார்க்கும் கிராஸிங் மேசையில் நிற்கும் டெக்னீஷியனுக்கும், பேத்தாலஜி படிக்கும் மாணவர்களுக்கும் எழுதுவது.

ஃபார்மலின் டிஎன்ஏவை என்ன செய்கிறது

ஃபார்மால்டிஹைடு (அதைத் தண்ணீரில் கரைத்ததுதான் ஃபார்மலின்) திசுவைக் கெட்டிப்படுத்தும் என்று 1893இல் ஃபிராங்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் கண்டார். மலிவானது, திசுவுக்குள் நன்றாக ஊடுருவும், செல்லின் வடிவத்தை அப்படியே நிறுத்தும். அதனால்தான் நூறு வருடத்துக்கு மேலாகியும் உலகம் முழுக்க அதுவே முதல் தேர்வு. ஆனால் அது வந்த காலத்தில் யாருக்கும் மரபணு வேண்டியிருக்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் அழகாகத் தெரிந்தால் போதும். இன்று அதே பிளாக்கிலிருந்து டிஎன்ஏவையும் கேட்கிறோம்.

நடப்பது நான்கு. முதலாவது, குறுக்குப் பிணைப்பு. ஃபார்மால்டிஹைடு முதலில் டிஎன்ஏவின் எழுத்துகளான பேஸ்களில் அடினின், குவானின், சைட்டோசின் ஆகியவற்றின் அமினோ பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெதுவாக, பக்கத்தில் இருக்கும் புரதத்தோடோ இன்னொரு இழையோடோ பாலம் போட்டுவிடும். ஹிஸ்டோன் புரதங்கள் டிஎன்ஏவைச் சுற்றியே இருப்பதால் அந்தப் பிணைப்பு ஏராளம். சிக்கு விழுந்த மீன்வலையை அவசரமாக இழுத்தால் எப்படிக் கிழியுமோ, பிரித்தெடுக்கும்போது டிஎன்ஏவும் அப்படித்தான் அறுபடும்.

இரண்டாவது, இழை துண்டாவது. ஃபார்மலின் காற்றுப் பட்டு நாளாக ஆக ஃபார்மிக் அமிலமாக மாறும். அமிலத்தில் அடினினும் குவானினும் டிஎன்ஏ இழையின் முதுகெலும்பை விட்டுக் கழன்று விழும்; அந்த ஓட்டை விழுந்த இடத்தில் இழை எளிதாக முறியும். ரத்தம் நிறைந்த திசுவில் பழுப்புக் கறுப்பாகத் துகள் துகளாகப் படியும் ஃபார்மலின் நிறமியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்லைடில் அது தெரிந்தால் ஃபார்மலின் புளித்திருந்தது என்று பொருள். டிஎன்ஏவும் அடி வாங்கியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. சைட்டோசின் தன் அமினோ பகுதியை இழந்து யுராசிலாகிவிடும். டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் எந்திரத்துக்கு யுராசில் தைமின் போலத்தான் தெரியும். அதனால் சி (சைட்டோசின்) இருந்த இடத்தில் டி (தைமின்) என்று வாசிக்கும். எதிர் இழையில் ஜி (குவானின்) இருந்த இடத்தில் ஏ (அடினின்). நோயாளியின் உடலில் இல்லாத ஒரு மரபணு மாற்றம் ரிப்போர்ட்டில் வந்துவிடுகிறது. இஜிஎஃப்ஆரில் டி790எம் என்கிற மாற்றமே சி, டி ஆவதால் வருவதுதான். மிகக் குறைந்த அளவில் அது தெரிந்தால், நிஜமா ஃபார்மலின் போட்ட கோலமா என்று கேட்காமல் மருந்தை மாற்றக் கூடாது. டிஎன்ஏ கிடைக்கவில்லை என்ற ரிப்போர்ட்டை விடத் தவறான டிஎன்ஏவைச் சொல்லும் ரிப்போர்ட் ஆபத்தானது.

நான்காவது ஆர்என்ஏ. அது ஒற்றை இழை, பேஸ்கள் வெளியே திறந்து கிடக்கும். ஃபார்மால்டிஹைடு நேராகப் போய் ஒட்டும். அதற்கு முன்பே ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் என்சைம் வேலையை ஆரம்பித்திருக்கும். வாலில் இருக்கும் அடினின் வரிசை முழுக்க ஃபார்மால்டிஹைடு ஒட்டியிருப்பதால், அந்த வாலைப் பிடித்துப் படி எடுக்கத் தொடங்கும் சின்ன டிஎன்ஏ துண்டான ஓலிகோ டிடி ப்ரைமர் சரியாக ஒட்டாது. பழைய பிளாக்கில், எந்த இடத்திலும் ஒட்டக்கூடிய ரேண்டம் ப்ரைமர் போடச் சொல்வது இதனால்தான்.

கத்தி வைக்கும் முன்பே கேட்க வேண்டியது

எல்லாத் திசுவும் ஃபார்மலினுக்குத்தான் என்ற பழக்கம் நம் ஊர்ப்பக்கம் ஆழமாக இருக்கிறது. பாட்டில் தயாராக மேசையில் இருக்கும். திசு கைக்கு வந்ததும் உள்ளே போய்விடும். அதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, இந்தத் திசுவிடம் என்ன கேட்கப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கழுத்தில் நெறிகட்டி இருக்கிறது, காசநோய் சந்தேகம். இதுதான் நம் பகுதியில் தினமும் நடக்கும் இழப்பு. முழு நெறியையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போட முடியாது; கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் அந்தத் திசு உதவாது. நெறியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சுத்தமான நார்மல் சலைனில் தனிப் பாட்டிலில் போட்டு அன்றே அனுப்புங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். மறு பாதி ஃபார்மலினுக்கு. இரண்டு பாட்டிலுக்கும் லேபிள் ஒட்டுங்கள். சலைனும் ஃபார்மலினும் பார்வைக்கு ஒன்றுதான்.

லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகம் என்றாலும் இதே கதை. கொஞ்சம் திசு ஈரமாக, ஃபார்மலின் படாமல் வர வேண்டும். ஆர்என்ஏ தேவைப்படும் ஆய்வு என்றால் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பதே முதல் தரம். நைட்ரஜன் இல்லாத இடத்தில் ஆர்என்ஏலேட்டர் போன்ற திரவம் கைகொடுக்கும். அடர்த்தியான அம்மோனியம் சல்ஃபேட் உப்புக் கரைசல் அது; என்சைம்களைச் செயல்பட விடாமல் நிறுத்தும். திசுவின் ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் ஒரு வாரம், ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். மே மாதக் கடலூர் அறை வெப்பத்தை மட்டும் அந்த அறை வெப்பத்தில் சேர்க்காதீர்கள். ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

கடிகாரம் ஓடத் தொடங்கும் இடம்

ரத்த ஓட்டம் நின்றதும் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள் செல்லையே தின்னத் தொடங்கிவிடும். மார்பகப் புற்றுநோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல், திசு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இருக்க வேண்டும் என்கிறது. ஹெர்2, ஹார்மோன் ரிசப்டர் பரிசோதனைக்காக எழுதியது என்றாலும் மரபணுவுக்கும் அதையே பின்பற்றலாம்.

மாஸ்டெக்டமியில் அகற்றிய மார்பகத் திசுவை ஓடியில் துணியில் சுற்றி வைத்துவிட்டு, உறவினரிடம் காட்டிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்து ஃபார்மலின் ஊற்றினால் அந்த ஒரு மணி நேரம் எப்போதோ போயிருக்கும். உறவினருக்குக் காட்டுங்கள், அது அவர்களுக்கு முக்கியம். ஆனால் காட்டி முடித்ததும் முதல் வேலை ஃபார்மலின். அப்புறம், நேரத்தை எழுதுங்கள். லேபில் பாட்டிலைத் திறந்ததும் எங்கள் முதல் கேள்வியே "சிஸ்டர், எத்தனை மணிக்கு எடுத்தீங்க, எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்பதுதான். ரெக்விசிஷன் படிவத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதினாலும் போதும்.

ஃபார்மலினை ஒழுங்காகத் தயாரிப்பது

கடையில் வாங்கும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் ஒரு பங்கை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்தால் 10 சதவீத ஃபார்மலின். உண்மையான ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம். குழாய்த் தண்ணீரில் கலந்து முடித்துவிடும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். புளிக்காமல் காக்கும் பஃபர் உப்புகள் வேண்டும்.

ஒரு லிட்டருக்கு 100 மில்லி ஃபார்மலின், 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட், 6.5 கிராம் நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். உப்புகளைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துவிட்டுப் பிறகு ஃபார்மலினைச் சேருங்கள். பிஎச் 7க்கு அருகில் நிற்க வேண்டும். ஒரு பிஎச் தாள் போதும், சில விநாடி வேலை. பழைய லேப்களில் கேனுக்குள் மார்பிள் துண்டு போட்டு வைப்பார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், ஆனால் ஊற்றி எடுத்த பிறகு பாதுகாப்பு இல்லை. தயாரித்த தேதியைக் கேனில் எழுதுங்கள், வெயில் படாமல் வையுங்கள்.

ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. ஜன்னல் திறந்த இடத்தில், கையுறையோடு கலக்குங்கள். கண் எரிச்சல் பழகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லும் மூத்த டெக்னீஷியன்களிடம் இதை மரியாதையோடு ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

பாட்டில், அளவு, கீறல்

திசுவைப் போல் 10 முதல் 20 மடங்கு ஃபார்மலின். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, பாட்டிலில்தான் இருப்பதில்லை. கர்ப்பப்பையைச் சின்ன வாய் டப்பாவில் அமுக்கித் திணித்து, இடுக்கில் கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றி அனுப்பினால், அது ஊறிய திசு அல்ல, அழுகத் தொடங்கிய திசு.

அப்படி வரும் ஒரு பெரிய கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எல்லாம் புரியும். ஓரத்தில் ஐந்தாறு மில்லிமீட்டர் சாம்பல் கலந்த பழுப்பில், கத்திக்கு ரப்பர் போலக் கெட்டியாக இருக்கும். அதற்கு உள்ளே ஒரு மங்கிய வளையம். நடுவில் இன்னும் சிவப்பாக, கத்தியில் ஒட்டிக்கொண்டு வழியும், லேசான வாடையும் வரும். ஃபார்மலின் முதலில் ஒரு மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நுழையும்; ஆழம் போகப் போக வேகம் குறையும். இரு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பெரிய திசுவை சர்ஜனே ஓடியில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கீறிவிட வேண்டும். கட்டியின் ஓரத்தைப் பார்க்க வேண்டிய மார்ஜின் கெடும் என்று பயந்தால் லேபுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கீறலாம். கீறலுக்கு நடுவில் காஸ் துணி வைத்தால் திரவம் உள்ளே போகும். கிராஸிங்கில் மரபணுவுக்கென்று பிளாக் எடுக்கும்போது, நன்றாக ஃபிக்ஸ் ஆன ஓரப் பகுதியிலிருந்து எடுங்கள். செத்துப்போன மஞ்சள் நடுப்பகுதியை விட்டுவிடுங்கள்.

நுழைவது வேறு, பிணைவது வேறு. சின்ன ஊசி பயாப்ஸிக்குள் ஃபார்மலின் சில நிமிடத்தில் போய்விடும், ஆனால் வேதிவினை நிலைப்படப் பல மணி நேரம் வேண்டும். குறைந்தது 6 மணி, அதிகபட்சம் 72 மணி என்பது மார்பகத் திசுவுக்கான விதி. டிஎன்ஏ வேண்டுமென்றால் என் கை 24 மணிக்கு அருகிலேயே நிறுத்தப் பார்க்கும். 48ஐத் தாண்ட விடாது. ஆறு மணிக்கும் குறைவாக விட்டால் திசுவை மெழுகுக்குத் தயார்செய்யும் பிராசஸரில் இருக்கும் ஆல்கஹால்தான் மிச்சத்தை ஃபிக்ஸ் செய்யும். ஒரே துண்டில் இரண்டு விதமான ஃபிக்சேஷன் வந்துவிடும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். தாமதம் சாலையில் இல்லை. சனிக்கிழமை மாலை எடுத்த திசு திங்கள்கிழமை வரை அலமாரியில் இருப்பதில் இருக்கிறது. பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை வந்தால் 72 மணி தாண்டிவிடும். அப்படி வரும் என்று தெரிந்தால், 24 மணி ஃபார்மலினில் ஊறிய பிறகு ஃபார்மலினை வடித்துவிட்டு 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றி வையுங்கள். மேற்கொண்டு பிணைப்பு உருவாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். வெயில் காலத்தில் பாட்டிலை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தாலும் நல்லது. குளிரில் ஊறிய திசுவில் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் நீளமாகக் கிடைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்டியின் டிக்கியில் மதிய வெயிலில் இருந்த பாட்டில் இதற்கு நேர் எதிர்.

எலும்பு

எலும்பில் பரவிய புற்றுநோயில்தான் நல்ல மாதிரிகள் வீணாகின்றன. சீக்கிரம் டீகால் ஆக, அதாவது கால்சியம் கரைந்து எலும்பு மெதுவாக, வேண்டுமென்று நைட்ரிக் அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். ஃபார்மிக் அமிலம் கொஞ்சம் பரவாயில்லை. மரபணு வேண்டுமென்றால் 10 முதல் 14 சதவீத ஈடிடிஏ, நடுநிலை பிஎச். அது கால்சியத்தைப் பிடித்து இழுக்கும். டிஎன்ஏவை வெட்டும் என்சைமுக்குத் தேவையான மக்னீசியத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும், அது கூடுதல் லாபம். நேரம் பிடிக்கும்தான். எலும்பு மஜ்ஜை ஊசி பயாப்ஸிக்கு (ட்ரெஃபைன்) ஒன்றிரண்டு நாள், தடித்த எலும்புக்கு வாரங்கள்.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. எலும்புத் துண்டோடு வரும் மெத்தென்ற சதைப்பற்றான பகுதியை முதலிலேயே பிரித்துத் தனி கேசட்டில், டீகால் இல்லாமல் போடுங்கள். மரபணுவுக்கு அதுவே போதும்.

மற்ற திரவங்கள்

பூவான் திரவம் விரை பயாப்ஸியில் இன்னும் சிலர் விரும்பிப் போடுவது. உட்கரு மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் அதில் பிக்ரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் இருப்பதால் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். மரபணு தேவைப்படலாம் என்றால் வேண்டாம். பாதரசம் கலந்த ஜெங்கர், பி5 வகைகளும் அப்படியே.

ஆல்கஹால் வேறு வகை. அது எதையும் பிணைக்காது. தண்ணீரை உறிஞ்சிப் புரதத்தைத் திரிய வைக்கும், அவ்வளவுதான். டிஎன்ஏ நீளமாகவே நிற்கும். கார்னாய், அதாவது எத்தனால் 60, குளோரோஃபார்ம் 30, அசிட்டிக் அமிலம் 10 என்ற கலவையும் நியூக்ளிக் அமிலத்துக்கு நல்லது. செல் சுருங்கும், ஆன்டிபாடி போட்டுப் புரதத்தைத் தேடும் இம்யூனோ பரிசோதனைகளெல்லாம் ஃபார்மலினுக்கென்றே அளந்து வைத்தவை, அதனால் தினசரிக்கு இவை வருவதில்லை. இங்கே ஒரு புதையல் இருக்கிறது: மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பூசிய எஃப்என்ஏசி ஸ்லைடுகள். 95 சதவீத ஆல்கஹாலில் போட்ட ஸ்மியரிலும் காற்றில் உலர்த்திய ஸ்மியரிலும் பிளாக்கை விட நல்ல டிஎன்ஏ கிடைப்பது சாதாரணம். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

பரங்கிப்பேட்டையிலும் கடலூர் துறைமுகத்திலும் மீன், நண்டு மாதிரி சேகரிக்கும் கடலியல் மாணவர்களுக்கும் இது பொருந்தும். முழு மீனை ஃபார்மலினில் போடும் முன், துடுப்பு ஓரத்திலோ தசையிலோ சின்னத் துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள். மறுநாள் ஆல்கஹாலை மாற்றுங்கள். திசுவிலிருந்து வந்த தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். பெயின்ட் கடை ஸ்பிரிட் வேண்டாம்.

பிளாக்கை வைத்திருப்பது

ஒருமுறை மெழுகில் உட்கார்ந்துவிட்டால் டிஎன்ஏ நெடுநாள் நிற்கும், மெல்ல மெல்லத் தேய்ந்தபடி. 1918 இன்ஃப்ளுயன்சாவில் இறந்த சிப்பாயின் நுரையீரல் பிளாக்கிலிருந்து வைரஸின் ஆர்என்ஏ துண்டுகளை ஜெஃப்ரி டாபன்பெர்கர் குழு 1997இல் வாசித்துக் காட்டியது. பிளாக்கை ஐந்து வருடத்தில் தூக்கிப் போட நினைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிளாக்குக்கு மின்சாரம் வேண்டாம் என்பது கடலோரத்தில் சின்ன விஷயம் அல்ல. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. உறைநிலைப் பெட்டியை மட்டும் நம்பினால் அப்படிப்பட்ட வாரத்தில் எல்லாம் போய்விடும். முக்கியமான மாதிரிக்கு உறைந்தது ஒன்று, பிளாக் ஒன்று என்று இரண்டும் வையுங்கள். பிளாக்குகள் கீழ்த்தட்டில் வேண்டாம், வெள்ளம் வரும். ஈரம் இல்லாத, குளிர்ச்சியான, எலியும் பூச்சியும் புகாத அலமாரி வேண்டும்.

டிஎன்ஏவைப் பிரிக்கும்போது

ஒவ்வொரு பிளாக்குக்கும் மைக்ரோடோமில் புது பிளேடு. மேலே காற்றுப் பட்ட முதல் சில சீவல்களைத் தள்ளிவிட்டு, 10 மைக்ரான் சீவல்களை எடுங்கள். சீவியதை உடனே பயன்படுத்துங்கள். மெழுகை நீக்கி, ப்ரோட்டினேஸ் கே போட்டு 56 டிகிரியில், முடிந்தால் இரவு முழுக்க. திரவம் தெளிவாகும்வரை அவசரப்பட வேண்டாம். துண்டு மிதந்தால் இன்னும் கொஞ்சம் என்சைம். பிறகு 90 டிகிரியில் ஒரு மணி நேரம், ஃபார்மால்டிஹைடு பிணைப்பு அவிழ. அதற்கு மேல் சூடாக்கினால் இழையே முறியும்.

ஒளியை உறிஞ்சும் அளவை வைத்து அளக்கும் நானோடிராப் காட்டும் எண்ணை நம்பி அனுப்பாதீர்கள். அது ஆர்என்ஏவையும் முறிந்த ஒற்றை இழையையும் சேர்த்து எண்ணும். ஒளிரும் சாயத்தால் அளக்கும் க்யூபிட்டில் இரட்டை இழையை மட்டும் அளந்து பாருங்கள். நீளம் தெரிய 100, 200, 300, 400, 600 பேஸ் நீளம் என்று துண்டுகள் தரும் லேடர் பிசிஆர் ஓட்டலாம். 300 வந்தால் சந்தோஷப்படலாம். 100 மட்டும் வந்தால் பரிசோதனையின் ப்ரைமர்கள் படியெடுக்கும் துண்டும் அதைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும். ஆர்என்ஏ எவ்வளவு முழுசாக இருக்கிறது என்று காட்டும் ஆர்ஐஎன் எண் பழைய பிளாக்கில் பயன்படாது. 200 பேஸுக்கு மேலான துண்டுகள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

யுராசில் பிரச்சினைக்கு, பிசிஆருக்கு முன் யுராசில் டிஎன்ஏ கிளைக்கோசைலேஸ் என்சைம் போட்டால் பொய் மாற்றங்கள் பெரிதும் குறையும். மெத்தில் ஒட்டிய சைட்டோசின் நேராகவே தைமினாகிவிடும், அதை இந்த என்சைம் தொடாது. அதனால் 5 சதவீதத்துக்குக் கீழே சி, டி ஆன மாற்றம் தெரிந்தால் வேறு சீவலிலிருந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் வந்தால் நம்பலாம்.

அப்படியும் பிளாக் கைவிட்டால், நோயாளியை மறுபடி படுக்க வைக்கும் முன் லேபுக்கு ஒரு போன் செய்யுங்கள். அதே நோயாளியின் எஃப்என்ஏசி ஸ்மியர் இருக்கிறதா, நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரின் செல்களைத் திரட்டிச் செய்த செல் பிளாக் இருக்கிறதா, வேறு நாளில் எடுத்த பிளாக் இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அதற்கு ரத்தம் மட்டும் போதும்.